பலாமோஸ்: ஏலக்கூடத்தைச் சுற்றி வாழும் ஊர்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில், கட்டலோனியாவின் கோஸ்டா பிராவா எனப்படும் பாறைக் கடற்கரையில், பலாமோஸ் என்னும் மீன்பிடி ஊர் இருக்கிறது. பார்சலோனாவின் வடக்குப் பேருந்து நிலையத்தில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அங்கே இறங்கலாம். நம் குமரி மாவட்டக் கடற்கரையின் குளச்சலையும் முட்டத்தையும் தேங்காய்ப்பட்டணத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு மீன்பிடி ஊரில் சில நாள் சும்மா இருந்துவிட்டு வர இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். கடலையும் மணலையும் சூரியன் மறைவதையும் பார்க்கத்தான் என்றால் வேண்டியதில்லை. அவை நம் பக்கத்தில் இதைவிட நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு துறைமுகம் தன் அன்றாட வேலையை நிறுத்தாமலும் மறைக்காமலும், வெளியூர்க்காரர்கள் நின்று பார்க்க இடம் ஒதுக்கி நடத்துவதைக் காண விரும்பினால், பலாமோஸ் போகத் தகுந்த ஊர். அந்த ஒரு காரணத்தை முன்னிறுத்தியே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

ஊரின் தோற்றத்தைப் பற்றிய எதிர்பார்ப்பை முதலில் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. சுமார் 18,000 பேர் வாழும் இந்த ஊரின் நீண்ட மணற்கரையை ஒட்டி, சுற்றுலா பெருகிய காலத்தில் எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் தேடுகிறவர்கள் வடக்கே கடகேஸுக்குப் போய்விடுகிறார்கள், அதில் தவறும் இல்லை. பழைய பலாமோஸ் துறைமுகத்துக்கு மேலே உள்ள சிறிய முனையில் ஒடுங்கிய தெருக்களோடும் புனித மரியா ஆலயத்தோடும் ஒதுங்கியிருக்கிறது. அதை அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். 1279-ஆம் ஆண்டில் அரகோன் மன்னர் மூன்றாம் பேதுரு இதை அரச துறைமுகமாக நிறுவினார். 1543-இல் உதுமானியக் கடற்படைத் தளபதி பார்பரோசா தாக்கிச் சூறையாடியதால் மிகப் பழையவை அதிகம் மிஞ்சவில்லை. அதற்கு மறு ஆண்டுதான், இன்றைய ஸ்பெயினின் வடபகுதியான நவாரில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் நம் கடற்கரை ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்துக்கொண்டு நடந்தார் என்பது, நாகர்கோவில் கோட்டாற்றில் அவர் பெயரில் நடக்கும் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போகிறவர்களுக்குச் சற்றுச் சுவையான செய்தியாக இருக்கலாம்.

இனி துறைமுகத்துக்கு வருகிறேன். மத்தியதரைக் கடலில் ஸ்பெயினின் இழுவைமடிப் படகுகள் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பதும், சனி ஞாயிறுகளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதும் சட்டம். ஆகவே விடியற்காலையில் புறப்பட்ட படகுகள் எல்லாம் மாலை ஐந்து மணியை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாகத் துறைக்குள் நுழைகின்றன. மீனைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு வகை பிரிக்கும் வேலையே அங்கே இல்லை. வரும் வழியிலேயே படகுத் தளத்தில் இனவாரியாகவும் அளவுவாரியாகவும் பிரித்து, கழுவி, பனிக்கட்டியோடு சிறு பெட்டிகளில் அடுக்கிவிடுகிறார்கள். இறால் பெட்டியில் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். அத்தனை ஒழுங்கு எதற்கு என்று முதலில் தோன்றும். ஏலம் தொடங்கியதும் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும், ஏனெனில் வாங்குகிறவருக்குப் பெட்டியைக் கிளறிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

பெட்டிகள் எடை போடப்பட்டு, ஓடும் பட்டையில் ஏறி, வியாபாரிகள் அமர்ந்திருக்கும் படிகளுக்கு முன்னால் நகர்கின்றன. மேலே உள்ள திரையில் படகின் பெயர், மீனின் பெயர், எடை, விலை ஆகியவை தெரிகின்றன. விலை உயர்ந்த இடத்தில் தொடங்கி, நொடிக்கு நொடி இறங்கிக்கொண்டே வருகிறது. யார் முதலில் கையிலுள்ள கருவியின் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்கே அந்தப் பெட்டி. கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும், மிகவும் பொறுத்தால் மீன் அடுத்தவருக்குப் போய்விடும். எனவே அங்கே கூச்சல் இல்லை, பேரம் இல்லை, யாரும் யாரையும் பார்ப்பதுகூட இல்லை. பார்வையாளர்கள் வியாபாரிகளுக்கு இடையூறு இல்லாமல் மேல்தளத்திலிருந்து இதைப் பார்க்கலாம். ஒரு நாள் பார்த்தால் போதும் என்று நினைத்துப் போன நான், அங்கே இருந்த வார நாள்களில் எல்லாம் மாலையானால் அங்கேயே போய் நின்றேன்.

நம் கரையின் ஏலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பும் உண்டு, ஒரு குறையும் உண்டு. நம் துறைகளில் விலை கீழிருந்து மேலே ஏறும். ஏலம் கூறுகிறவரின் குரலும் அவர் யாரைப் பார்த்துக் குரலை நிறுத்துகிறார் என்பதும் விலையின் ஒரு பகுதி. கடவத்தோடு வந்து நிற்கும் பெண் வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து ஒரு குவியலை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளும் வசதியும் அதில் இருக்கிறது. பலாமோஸின் திரைக்கு முன்னால் அப்படி ஒரு நெகிழ்வுக்கு வழியே இல்லை. ஆனால் மறுபக்கத்தில், முன்பணம் கொடுத்த தரகர் வழியாகத்தான் மீனை விற்கவேண்டும் என்ற கட்டு நம் படகுக்காரர்களின் கழுத்தை எப்படி இறுக்குகிறது என்பதை அறிந்தவர்கள், எடையும் விலையும் படகின் பெயரோடு எல்லோர் கண்முன்னாலும் திரையில் எழும் அந்தக் காட்சியைச் சாதாரணமாகக் கடந்துவிட மாட்டார்கள். ஏலக்கூடத்தை நடத்துவது கொன்ஃப்ராரியா எனப்படும் மீனவர் சங்கம். கட்டலோனியக் கரையில் இத்தகைய சங்கங்களுக்குப் பல நூற்றாண்டு மரபு உண்டு. படகுகளில் வேலை செய்கிறவர்களில் இன்று செனகலிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். சுற்றுலா விளம்பரப் படங்களில் அவர்கள் முகம் அதிகம் தென்படுவதில்லை.

ஊருக்குப் புகழ் தந்திருப்பது பலாமோஸ் இறால். அறிவியலில் அரிஸ்டியஸ் ஆன்டென்னேட்டஸ் எனப்படும் இந்த இறால், கரைக்கு வெகு அருகிலேயே தொடங்கிவிடும் கடலடிப் பள்ளத்தாக்குகளில், 400 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் பிடிபடுகிறது. வேகவைத்த பிறகு சிவக்கும் நம் இறாலைப் போலன்றி, கடலிலிருந்து வரும்போதே செம்பவள நிறத்தில் இருக்கும். இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு சிவப்பு இறால் கொல்லத்துக்கு வெளியே உள்ள ஆழ்கடலிலும் கிடைக்கிறது. அதற்கு ஊரின் பெயரைச் சூட்டி யாரும் நம் பக்கத்தில் விற்றதாக நான் அறியவில்லை. பலாமோஸ்காரர்களோ பெயரைச் சூட்டியதோடு நிற்காமல், அந்தப் பெயருக்கு ஒரு தர முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலாக, 2013-இல் நடைமுறைக்கு வந்த மேலாண்மைத் திட்டத்தின்படி குளிர்காலத்தில் இரண்டு மாதம் இறால் பிடிப்பதை நிறுத்தி, சிறியவை தப்பிப் போகும்படி வலைக் கண்ணையும் பெரிதாக்கினார்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் என்று ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலங்களைச் சுமக்கும் நமக்கு, கடலை மூடி வைப்பது புதிய செய்தி அன்று. ஓர் ஊரின் மீனவர்கள் தங்கள் ஊருக்கு எதிரே உள்ள கடலுக்கும், தங்கள் ஒரே ஓர் இறாலுக்கும் என்று தனியாக ஒரு திட்டத்தை வகுப்பதில் பங்கேற்றார்கள் என்பதுதான் புதிது.

துறைமுகத்திலேயே, பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில், மீன்பிடி அருங்காட்சியகம் இருக்கிறது. மீன்பிடிக் கருவிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெயர் எழுதி ஒட்டும் வகை அருங்காட்சியகம் இது என்று எண்ணிப் போகவேண்டாம். வலை எந்த ஆழத்தில் எப்படி விரிகிறது, உப்பிடும் முறை எப்படி ஊரின் வணிகத்தை மாற்றியது, பாய்மரத்திலிருந்து இயந்திரத்துக்கு மாறியபோது எந்த மீன் குறைந்தது என்பவற்றை எல்லாம் அந்த வேலையைச் செய்தவர்களின் பேச்சு வழியாகவே சொல்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இழுவைமடிப் படகு ஒன்றின் உள்ளே இறங்கிப் பார்க்கவும் ஏற்பாடு உண்டு. இரவில் விளக்கு எரித்து மத்தியையும் நெத்தோலி இன மீன்களையும் திரட்டிச் சுருக்குமடியால் வளைக்கும் தொழில், அந்தக் கரையின் மரபுத் தொழில் என்ற பெருமையோடு அங்கே காட்டப்படுகிறது. விளக்கு வைத்துப் பிடிப்பதை 2017 முதல் தடைசெய்திருக்கும் நாட்டிலிருந்து, அதுவும் சுருக்குமடி என்ற பேச்சை எடுத்தாலே கரையில் கைகலப்பு வரை போகும் மாவட்டத்திலிருந்து வந்தவன் என்ற முறையில், அந்தப் பகுதியைச் சிறிது மனச்சங்கடத்தோடுதான் கடந்தேன். சிறிய படகுக்காரர்களுக்கும் பெரிய படகுக்காரர்களுக்கும் இடையே அங்கே என்ன தகராறு நடந்தது என்பதை அருங்காட்சியகம் இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

அருங்காட்சியகத்தை ஒட்டி, எஸ்பாய் டெல் பெய்ஷ் என்ற பெயரில் மீன் சமையல் கூடம் ஒன்றை நடத்துகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போனால், ஏலத்தையும் காட்டி, அதிகம் விலை போகாத மீன் வகைகளை எப்படிச் சுத்தம் செய்து சமைப்பது என்று செய்து காட்டி, சாப்பிடவும் தருகிறார்கள். இறாலின் புகழைக் கேட்டு வந்தவர்களுக்கு, வலையில் வரும் மற்ற மீன்களை உண்ணப் பழக்குவதே நோக்கம். கிளாத்தியைத் தோலுரித்துக் குழம்பு வைக்கவும் சாவாளையைப் பொரிக்கவும் நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவேண்டியதில்லை என்றாலும், கத்தி பிடிக்கும் முறையிலும் முள்ளை உருவும் முறையிலும் கற்றுக்கொள்ளச் சில நுட்பங்கள் இருந்தன. விளக்கம் பெரும்பாலும் கட்டலான் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் நடக்கிறது. ஆங்கிலத்தில் எந்த நாளில் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் செலவழித்த பணத்தில் எதற்கு முழு மதிப்பு கிடைத்தது என்று கேட்டால், தயங்காமல் இந்த இரண்டு இடங்களையும்தான் சொல்வேன்.

தங்கும் வசதியைப் பற்றி அதிகம் புகழ்ந்து சொல்ல ஒன்றும் இல்லை. பழைய ஊரில், ஒரு குடும்பம் நடத்தும் சிறு விடுதியில் அறை எடுத்தேன். அத்தகைய விடுதிகளை அங்கே ஓஸ்தால் என்கிறார்கள். அறை துப்புரவாக இருந்தது, வெந்நீர் எந்நேரமும் வந்தது, மரச் சட்டங்கள் கொண்ட சன்னலை மூடிவிட்டால் நண்பகலிலும் நல்ல இருட்டு. ஆனால் மின்தூக்கி கிடையாது, கட்டன் சாயா போட்டுக்கொள்ள ஒரு கெண்டிகூட அறையில் கிடையாது. முன்பதிவின்போது கடல் தெரியும் அறை என்று காட்டப்பட்டது, நேரில் போனபோது சன்னலுக்கு வெளியே உடம்பை வளைத்துப் பார்த்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கி ஒன்று தெரியும் அறையாக இருந்தது. இரவுக்கு 70 யூரோவுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய், இதற்கு அதிகம் என்றே சொல்வேன். இருப்பினும் ஏலக்கூடத்துக்கு நடந்தே போகலாம் என்பதால் ஊருக்கு வெளியே உள்ள பெரிய விடுதிகளைவிட இதுவே மேல். பகலில் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை கடைகள் பெரும்பாலும் சாத்தியிருக்கும். மதியத் தூக்கத்தை ஊரே சேர்ந்து காப்பாற்றுகிறது. மணவாளக்குறிச்சியில் என் பாட்டி நடத்திய அதே கால அட்டவணை அது என்பதால் எனக்குச் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.

உணவு விஷயத்தில் நேரத்தை அறிந்து நடந்துகொள்ள வேண்டும். மதிய உணவு ஒன்றரை மணிக்கு முன்னால் கிடையாது, இரவு உணவு ஒன்பது மணிக்கு நெருங்கித்தான். வார நாள்களில் நண்பகலில் பெரும்பாலான உணவகங்கள் நாள் உணவு என்ற ஒன்றை நிலையான விலைக்குத் தருகின்றன; முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, இனிப்பு ஆகியவற்றைச் சேர்த்து 15 முதல் 20 யூரோவுக்குள் முடிந்துவிடும். இரவில் உணவுப் பட்டியலைப் பார்த்துத் தனித்தனியாகச் சொன்னால் இதைப் போல இரண்டு மடங்கு ஆகும். கையில் அளவான பணத்தோடு போகிறவர்கள் மதியம் வயிறார உண்டு, இரவில் தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டியோடு நிறுத்திக்கொள்வதே சரி.

அந்தக் கரையின் குழம்புக்குச் சுகெட் என்று பெயர். விற்காமல் மிஞ்சிய பாறை மீன்களை உருளைக்கிழங்கோடு சேர்த்துப் படகிலேயே கொதிக்க வைத்து உண்டது இதன் தொடக்கம் என்கிறார்கள். பாதாம், பூண்டு, வோக்கோசுத் தழை ஆகியவற்றை உரலில் இடித்து இறுதியில் சேர்ப்பதால்தான் குழம்பு கெட்டிப்படுகிறது. தேங்காய் அரைத்த மீன்கறியும் மரச்சீனியும் எப்படியோ அப்படியே அவர்களுக்கு இது, ஒரே வேறுபாடு காரம் அறவே இல்லாததுதான். முதல் வாயிலேயே மிளகாயைத் தேடும் நாக்கு, மூன்றாம் வாயில் மீனின் சுவையைப் பிரித்தறியத் தொடங்குகிறது. இறாலைப் பொறுத்தவரை, சூடான இரும்புத் தகட்டில் கல்லுப்பு மட்டும் தூவிச் சுட்டுத் தருகிறார்கள். தலையை உறிஞ்சாமல் வைத்துவிட்டால் பரிமாறுகிறவரின் முகம் வாடுகிறது. விலை மிக அதிகம், ஒரு தட்டில் எண்ணிச் சில இறால்களே வரும். வாழ்நாளில் ஒருமுறை என்றால் சரி. அதே பணத்துக்கு நம் ஊரில் குடும்பமே நெய்மீன் சாப்பிடலாம் என்ற கணக்கு ஒவ்வொரு கடிக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்ததை ஒப்புக்கொள்கிறேன். அதைவிட மனத்தில் நின்றது, வடக்கே லெஸ்காலா என்ற ஊரில் உப்பிட்டுப் பதப்படுத்தும் நெத்தோலி இன மீன். நம் கருவாட்டின் வாடைக்கு அஞ்சுகிறவர்கள்கூட இதை எண்ணெயில் மூழ்கிய நிலையில் விரும்பி உண்பார்கள். புலால் உண்ணாதவர்களுக்குச் சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும், உலர்திராட்சையும் பைன் கொட்டையும் சேர்த்து வதக்கிய கீரையும் கிடைக்கும் என்றாலும், நான்கு நாளில் அலுத்துவிடும்.

ஏலம் மாலையில்தான் என்பதால், காலைப் பொழுதுக்கு நடை போதும். ஊரின் வடபுறத்திலிருந்து கரையோரமாகப் பழைய காவல் நடைபாதை ஒன்று போகிறது. கடற்கொள்ளையரையும் பின்னாளில் கடத்தல்காரரையும் கண்காணிக்கக் காவலர் நடந்த வழி அது. லா ஃபோஸ்கா கடற்கரையைத் தாண்டி, பைன் மரங்களுக்கிடையே நடந்தால், ஸல்கேர் என்னும் சிறு குடாவில் மீனவர்கள் வலையும் படகும் வைத்திருந்த பழைய குடில்கள் வண்ணக் கதவுகளோடு நிற்கின்றன. அவற்றைப் பண்பாட்டுச் சின்னமாக அறிவித்து, இடிக்கவும் கூடாது, மாற்றிக் கட்டவும் கூடாது என்று ஆக்கியிருக்கிறார்கள். அதற்கப்பால் காஸ்டெல் கடற்கரை. அந்தக் கரையில் இதுபோன்ற அளவுள்ள மணற்பரப்பு ஒன்று ஒரு கட்டடம்கூட இல்லாமல் இருப்பது அரிது. அங்கே மாளிகைகளும் விளையாட்டுத் திடலும் கட்டத் திட்டம் வந்தபோது, 1994-இல் ஊர்மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, காக்கவேண்டும் என்ற பக்கம் வென்றது. நம் மாவட்டத்தில் இணையம் என்ற கடலோர ஊருக்கு வந்த துறைமுகத் திட்டத்துக்கு எதிராகக் கடற்கரையில் திரண்ட கூட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், அந்த மணலில் சிறிது நேரம் கூடுதலாகவே உட்கார்ந்திருப்பார்கள். கடலில் குளிப்பதைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: மே மாதத்திலும் தண்ணீர் நமக்குக் குளிர்ந்தே இருக்கும்.

ஆகஸ்டில் போகாதீர்கள். ஐரோப்பா முழுவதும் அந்த மாதத்தில்தான் விடுமுறைக்குக் கிளம்புகிறது, அறை வாடகையும் அப்போது கண்டபடி ஏறுகிறது. ஜூலை 16-இல் மீனவர்களின் காவலியான கார்மல் அன்னைக்குப் படகு ஊர்வலம் உண்டு; அதற்காகப் போகலாம், கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் இறால் தடை இருக்கும், திரமுந்தானா என்ற வடகாற்றும் எலும்பை உறைய வைக்கும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்களே ஏற்றவை. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் பார்சலோனா போய்விடலாம். ஷெங்கன் விசாவுக்கு முன்னதாகவே விண்ணப்பித்து, தங்குமிட முன்பதிவையும் பயணக் காப்பீட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பார்சலோனாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாப் பேருந்துகளை நம்பிப் போகாதீர்கள்; அவை ஏலம் தொடங்கும் நேரத்துக்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடக்கூடும், அதன்பின் அங்கே போனதில் பயன் ஏதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ச் சேர்ந்து வெள்ளிக்கிழமை இரவு கிளம்புவதாகத் திட்டமிட்டால், வாரத்தின் ஐந்து ஏலங்களும் கிடைக்கும், வார இறுதி அறை வாடகையும் மிச்சமாகும்.